முதலீட்டு ஆலோசகர்: நம் பிள்ளைகளுக்கு ஏற்ற ஒரு தொழில்

வணிகப் பெருமக்களின் வீட்டில் பி.காம். முடித்த பிள்ளைகள் பலர் கல்லாவில் உட்காரத் தயங்குகிறார்கள். கணக்கு தெரியும், ஆளோடு பேசத் தெரியும், சரக்கின் தரம் பார்க்கத் தெரியும். ஆனால் கடை வேண்டாம் என்கிறார்கள். அவர்களுக்கு ஏற்ற தொழில் ஒன்றை இங்கே பார்ப்போம். பிறருடைய சேமிப்பை எங்கே போடலாம் என்று கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்வது. போடும் பணம் ஊருக்குக் கேடு செய்கிறதா என்பதையும் பார்த்துச் சொல்வது. சமூகப் பொறுப்புள்ள முதலீட்டு ஆலோசனை என்று இதற்குப் பெயர்.

மியூச்சுவல் ஃபண்டு விற்கும் விநியோகஸ்தர் வேறு, ஆலோசகர் வேறு. விநியோகஸ்தருக்குக் கமிஷன் தருவது ஃபண்டு நிறுவனம். மண்டித் தரகு போலத்தான். எல்லோரும் அப்படி அல்ல என்றாலும், எதில் தரகு கூடுதலோ அதன் பெருமையே முதலில் வாயில் வரும். செபியின் 2013ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு பெற்ற ஆலோசகர் வாடிக்கையாளரிடம் மட்டுமே கட்டணம் பெறலாம். தாம் சிபாரிசு செய்யும் திட்டத்தில் கமிஷன் தொடக் கூடாது.

இத்தொழில் அமெரிக்காவில் வளர்ந்தது. வியட்நாம் போர் நடந்த 1971இல், ஆயுதக் கம்பெனிகளில் பணம் போட மனமில்லாதவர்களுக்காகப் பாக்ஸ் வேர்ல்டு ஃபண்டு தொடங்கப்பட்டது. பங்குத் தரகராக இருந்த ஏமி டோமினி என்ற அம்மையார், சில கம்பெனிப் பங்குகளை வேண்டாம் என்று வாடிக்கையாளர்களே ஒதுக்குவதைக் கவனித்து, அதையே தம் தொழிலாக்கிக்கொண்டார். மது, புகையிலை, சூதாட்டம், ஆயுதம் ஆகியவற்றை விலக்கி 400 கம்பெனிகள் கொண்ட பங்குக் குறியீட்டை 1990இல் கொண்டுவந்தார்.

விலக்குவது சுலபம் என்று எண்ண வேண்டாம். நம் கடைக்குச் சிகரெட் அனுப்பும் ஐ.டி.சி.தான் ஆசீர்வாத் கோதுமை மாவும் அனுப்புகிறது. தான் செலவழிப்பதைவிட அதிக நீரைச் சேமிப்பதாகவும் அந்நிறுவனம் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. இந்தப் பங்கு நல்லதா, ஆகாததா? ஆலோசகர் தீர்ப்புச் சொல்பவர் அல்லர். இரண்டு பக்கத்தையும் பேரேட்டில் பற்று வரவு எழுதுவது போல எழுதிக் காட்ட வேண்டும். முடிவு பணத்துக்கு உரியவருடையது. இதற்கு உதவியாக, பட்டியலிடப்பட்ட கம்பெனிகளில் சந்தை மதிப்பில் முதல் 1000 கம்பெனிகள் தண்ணீர், மின்சாரம், கழிவு, தொழிலாளர் விபத்து முதலிய விவரங்களை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று செபி 2022-23 முதல் கட்டாயமாக்கியுள்ளது. பொறுமையாகப் படிக்கத் தெரிந்தவனுக்கு அதில் நிறையச் செய்தி உண்டு.

நல்ல பெயரை நம்பி ஏமாறுவதும் நமக்குப் புதிதல்ல. 1990களில் தேக்கு மரம் வளர்க்கிறோம் என்று வசூலித்த திட்டங்களில் பணத்தை இழந்த குடும்பங்கள் எத்தனை! மரம் வளர்ப்பது நல்ல காரியம்தான். கணக்குதான் நல்லதாக இல்லை. இன்று ‘பசுமை’ என்று எழுதி வரும் திட்டத்தையும் மூட்டையைக் குத்தி மாதிரி பார்ப்பது போலப் பார்க்கிற பிள்ளைதான் இத்தொழிலுக்கு வேண்டும்.

தகுதியைப் பொறுத்தவரை, 2024 டிசம்பரில் விதிகள் தளர்த்தப்பட்டன. முன் அனுபவம் கட்டாயமில்லை, பட்டப்படிப்பு போதும். எந்தப் பட்டம் செல்லும் என்பதை விண்ணப்பிக்கும் முன் செபி விதியில் பார்த்துக்கொள்ளுங்கள். என்.ஐ.எஸ்.எம். நடத்தும் 10-ஏ, 10-பி என்ற இரண்டு தேர்வுகளில் தேற வேண்டும். 150 வாடிக்கையாளர் வரை ரூ.1 லட்சம் வைப்புத்தொகை காட்ட வேண்டும்.

வருமானம் மெதுவாகத்தான் வரும். டாக்டருக்குக் கொடுப்போம், வக்கீலுக்குக் கொடுப்போம். பணத்தைப் பற்றிய யோசனைக்குக் காசு கொடுக்க நம்மவர்களுக்கு மனம் வராது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.10,000 என்று வைத்தால், ரூ.4 லட்சம் பார்க்க 40 குடும்பங்கள் வேண்டும். அந்த 40 சேர வருடங்கள் ஆகலாம்.

அதற்கும் ஒரு வழி இருக்கிறது. முதலீடு சம்பந்தமில்லாத வேறு தொழில் செய்பவரும் பகுதிநேர ஆலோசகராகப் பதிவு செய்துகொள்ள அதே 2024 திருத்தம் இடம் தருகிறது. 75 வாடிக்கையாளர் வரை வைத்துக்கொள்ளலாம். காலையில் அப்பாவின் மளிகைக் கடை, மாலையில் ஆலோசனை என்று ஒரு பிள்ளை தொடங்கத் தடையில்லை.