7ஆம் அறையில் நான்காவது ஆள்: திரையைப் புதுப்பிக்க எந்த லைப்ரரி?

சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12 அன்று பட்டாசு ஆலை வெடித்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஓர் அறையில் இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான் என்று வரம்பு இருப்பது எங்கள் பகுதியில் எல்லாருக்கும் தெரியும். அந்த வரம்பைக் கண்முன் காட்டும் பலகை ஒன்றை வாசல் ஆபீஸ் கணினியில் செய்வதாக வைத்துக்கொள்வோம். 60 அறைகள். அறைக்கு ஒரு வரி: ஆள் எண்ணிக்கை, மருந்து அளவு, போர்மேன் எழுதும் குறிப்பு. 7ஆம் அறையில் 3 என்பது 4 ஆகிறது. எதை வைத்துச் செய்யலாம்?

பிரவுசர் பக்கத்தை டாம் என்னும் மரமாக வைத்திருக்கிறது. அதில் கைவைத்தால் இடமும் அளவும் மறுபடி கணக்காகி, மறுபடி வரையப்படலாம். நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் ஒரு முறைக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிவினாடி. 60 வரிகளையும் அழித்து எழுதினால் வேலை வீண். போர்மேன் பாதி அடித்திருந்த குறிப்பும் போய்விடும். மாறியதை மட்டும் எழுத ஒவ்வொரு லைப்ரரிக்கும் ஒரு வழி உண்டு.

ரியாக்ட் (ஃபேஸ்புக், 2013)
அச்சகத்தில் பழைய புரூஃபையும் புதியதையும் அருகருகே வைத்து, மாறிய எழுத்தை மட்டும் வட்டமிடுவார்கள் அல்லவா, அதே முறை. புதிய பக்கத்தின் மாதிரியை நினைவகத்தில் உருவாக்கி, பழையதோடு ஒப்பிட்டு, வேறுபாட்டை மட்டும் டாமில் எழுதும். பக்கத்தைக் கம்போனென்ட் என்னும் துண்டுகளாக எழுதுவோம். எண்ணிக்கைகள் எல்லாம் தாய் கம்போனென்டில் இருந்தால், ஓர் எண்ணுக்காக 60 வரிகளின் ஃபங்ஷனும் ஓடும். 60க்கு அது பாரமில்லை. ஆயிரங்களுக்கு, மாறாத வரிகளைத் தவிர்க்கும் மெமோவோ ரியாக்ட் கம்பைலரோ வேண்டும். கற்றவர்கள் எளிதில் கிடைப்பார்கள்.

வியூ (ஈவன் யூ, 2014)
எந்தக் கம்போனென்ட் எந்தத் தரவைப் படித்தது என்று குறித்துவைக்கும். தரவு மாறினால் அந்தக் கம்போனென்டை மட்டும் ஓட்டி, அதற்குள் ஒப்பிடும். தனியாகப் படித்துப் பழகுபவருக்கு இதமானது.

ஸ்வெல்ட் (ரிச் ஹாரிஸ், 2016)
டாமில் எங்கே எழுதவேண்டும் என்பதைக் கம்பைல் செய்யும்போதே தீர்மானிக்கும். சிறிய பக்கங்களில் இறங்கும் கோப்பு சிறிது. நெட் மெதுவான இடத்துக்கு ஏற்றது.

சாலிட் (ரயன் கார்னியாட்டோ)
கம்போனென்ட் ஒரே முறை ஓடும். பிறகு 7ஆம் அறையின் எண்ணிலிருந்து திரையில் உள்ள அந்த 4 வரைக்கும் நேர்க்கம்பி இழுத்தாற்போல் சிக்னல் போகும். இடைவிடாமல் தரவு வந்துகொண்டிருந்தால் இது வேகமானது. ஆனால் தாய் கம்போனென்ட் அனுப்பும் ப்ராப்ஸைப் பிரித்தெடுத்து எழுதினால் கம்பி அறுந்து, எண் உறைந்துவிடும். உதவி கேட்க ஆட்களும் குறைவு.

எதுவுமில்லாமல்
நாலைந்து எண்கள்தான் என்றால் வெறும் ஜாவாஸ்கிரிப்டில் அந்த எழுத்தை மட்டும் மாற்றினால் போதும்.

60 வரிகளுக்கு இவற்றின் வேக வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. ஓர் அறையின் குறிப்பு வேறு அறையின் வரிக்கு மாறாமல் இருப்பதுதான் முக்கியம். பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் அடையாளமாகக் கீ கொடுப்போம். அதற்கு வரிசை எண்ணைக் கொடுத்துவிட்டு, வேலை முடிந்த 3ஆம் அறையைப் பட்டியலிலிருந்து எடுத்தால், ரியாக்டில் 7ஆம் அறைக்கு அடித்துக்கொண்டிருந்த குறிப்பு 8ஆம் அறைக்கு எதிரே நிற்கும். அறையின் எண்ணையே கீயாகக் கொடுங்கள்.

ஆகவே, நாளைக்கு இதைப் பழுதுபார்க்கப்போவது யார் என்று பார்த்து எடுங்கள். ஆள் மாறிக்கொண்டே இருக்கும் என்றால் ரியாக்ட், நீங்களே பார்ப்பதென்றால் வியூ. இருப்பதிலேயே பழைய கணினியில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எதை எடுத்தாலும், தரவு வரும் இணைப்பு அறுந்தால் பழைய 3 அப்படியே நிற்கும். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அது எத்தனை மணிக்கு வந்தது என்று காட்டுங்கள்; நேரம் கடந்தால் வரியைச் சாம்பல் நிறமாக்குங்கள். இதை எந்த லைப்ரரியும் தானாகச் செய்யாது. நாம்தான் எழுதவேண்டும்.