விளைபொருள் வாங்குவோருடன் கைத்தொலைபேசி வழியே தொடர்பு கொள்ளல்

புல்மோட்டை, திருகோணமலை நகரத்துக்கு வடக்கே 50 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவில் உள்ளது. இங்கு பறிக்கப்படும் கத்தரி, வெண்டி, பயற்றை முதலிய மரக்கறிகள் வெயிலில் நெடுந்தூரம் சென்றால் வாடிவிடுகின்றன. சந்தையில் வாங்குவோர் குறைவாயிருப்பின், அவற்றைத் திருப்பிக் கொணர்தற்கும் வண்டிக்கூலி வேண்டும். ஆதலால் கிடைத்த விலைக்கே விற்க நேர்கின்றது. பறிக்குமுன்னரே வாங்குவோரை அறிந்துகொள்ளின், இவ்விழப்பைப் பெரிதும் குறைக்கலாம்.

1997ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள், கேரளத்தின் வடகரை என்னும் கரையோர ஊரில் 11 மீனவர் வாங்குவாரின்றி நின்றனர். அதே வேளையில், 15 கிலோமீற்றருக்கு உட்பட்ட இடங்களில் 27 பேர் மீன் கிடையாமல் நின்றனர். ஒருவர் நிலையை மற்றவர் அறியாமையே இதற்குக் காரணம். கைத்தொலைபேசி பரவிய பின்னர் அக்கரையில் மீன் வீணாதல் நின்றதென்பதைப் பொருளியலறிஞர் றொபேட் ஜென்சன் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு காட்டுகின்றது. மரக்கறிக்கும் இவ்வுண்மை பொருந்தும்.

இன்று முகநூல், வட்ஸ்அப் ஆகியன கிராமங்களிலும் வழங்குகின்றன. ஆயினும் கருவி மட்டும் போதாது. தொலைவிலிருந்து வாங்குபவர் பொருளைத் தொட்டுப் பார்ப்பதில்லை. கமக்காரரின் சொல்லை நம்பியே வாங்குகிறார். எனவே பின்வருவனவற்றைக் கவனித்தல் வேண்டும்.

1. அறிவித்தல்

பொருளின் பெயர், பறித்த நாள், உள்ள நிறை, ஒரு கிலோகிராமின் விலை, பெறக்கூடிய இடம், நேரம் ஆகிய ஆறும் அறிவித்தலில் இருத்தல் வேண்டும். அன்று பறித்த பொருளின் படத்தையே இடுக. பெரிய காய்களை மட்டும் மேலே அடுக்கிப் படமெடுத்தால் ஒருமுறை விற்கலாம். மறுமுறை அவ்வாங்குநர் வாரார். நெல்லாயின், இனத்தையும் ஈரப்பதனையும் குறிப்பிடுக. சேமித்தற்கேற்ற ஈரப்பதன் 14 சதவீதத்துக்கு மேற்படலாகாது. அத்தாட்சி பெறாத நெல்லை விதைநெல் எனக் கூறலாகாது. மருந்து தெளித்த பயிரைச் சிட்டையிற் குறித்த நாட்கள் கழியுமுன் பறித்தலும் விற்றலும் ஆகா.

2. மறுமொழி

வயல்வேலையின்போது உடனே மறுமொழி எழுதுதல் இயலாது. ஆதலால் காலையிலும் மாலையிலும் குறித்த நேரத்தை ஒதுக்கி, அந்நேரத்தை அறிவித்தலிலும் குறிப்பிடுக. பொருள் முடிந்துவிடின், “முடிந்தது, அடுத்த பறிப்பு வெள்ளிக்கிழமை” என எழுதுக. மறுமொழி பெறாதவர் வேறிடம் செல்வர்.

3. பதிவு

60 கிலோகிராம் வெண்டி உள்ளபோது, இருவர் தலைக்கு 40 கிலோகிராம் கேட்கலாம். முதலில் கேட்டவருக்கு 40 கிலோகிராமை ஒதுக்கி, எஞ்சியது 20 கிலோகிராமே என்பதை மற்றவருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். இருவருக்கும் இசைவு கூறுவது பிணக்கை வளர்க்கும். பெயர், நிறை, விலை, நாள் ஆகியவற்றை ஒரு கொப்பியிற் குறித்து வைக்குக.

4. முறைப்பாடு

20 கிலோகிராம் தக்காளி வாங்கியவர், 3 கிலோகிராம் நசுங்கியதெனப் படத்துடன் எழுதினால், அவரோடு வாதாடலாகாது. பிழை பொதி கட்டியதில் இருப்பின், 3 கிலோகிராமின் விலையைக் கழித்துக்கொள்க. முகநூலில் பலரறியக் குறை கூறியவருக்கு, பலரறியவே பணிவாக மறுமொழி கூறுக. அதனை ஏனையோரும் படித்துக் கமக்காரரை மதிப்பிடுவர்.

5. பணம்

பணம் அனுப்பியதாகக் காட்டும் பற்றுச்சீட்டின் படம் பொய்யாகவும் இருக்கலாம். கணக்கிற் பணம் சேர்ந்ததை வங்கி மூலம் உறுதிசெய்த பின்னரே பொருளை ஏற்றுக. தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தை எவர் கேட்பினும் கொடுத்தலாகாது. வாங்குவோரின் தொலைபேசி இலக்கங்களையும் பிறருக்கு வழங்கலாகாது.

விலை குறிக்குமுன், ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகம் வெளியிடும் சந்தை விலைகளைப் பார்த்தல் நன்று. பயிர்ச்செய்கை ஐயங்களுக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் இலக்கத்துடன் தொடர்புகொள்ளலாம். பகுதி விவசாயப் போதனாசிரியரையும் அணுகலாம்.

நிலத்தைப் பண்படுத்துவதுபோல் நம்பிக்கையையும் போகந்தோறும் பேணுதல் வேண்டும். சொன்ன நிறையும் சொன்ன நாளும் தவறாத கமக்காரரிடம், அடுத்த பறிப்புக்கு முன்னரே வாங்குவோர் கேட்டு எழுதுவர்.