கல்லறையில் ஓர் எழுத்து

1980-களில் தூர்தர்ஷனிலும் ஒளிபரப்பான ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரில் (1966–69) ரசிகர்கள் கண்டெடுத்த பிழைகள் பல. 1966-இல் வந்த ஒரு கதையில், கப்பல் தலைவருக்கென எழுப்பிய கல்லறையில் ‘ஜேம்ஸ் ஆர். கிர்க்’ என்றிருக்கிறது, பிறகு அவரே ‘ஜேம்ஸ் டி. கிர்க்’! 1982-இன் திரைப்படத்தில் வில்லன் கான், செக்கோவைக் கண்டதும் அடையாளம் சொல்கிறான். கான் தொடரில் தோன்றியது 1967 பிப்ரவரியில். செக்கோவ் தோன்றியதோ அவ்வாண்டு செப்டம்பரில். ‘செக்கோவ் அப்போதே கப்பலின் வேறு பகுதியில் இருந்திருப்பார்’ என்பது ரசிகர்களின் சமாதானம்.

எனக்கு உறுத்துவது வேறு. வெற்றிடத்தில் கப்பல் ‘விர்’ரென ஓசையுடன் பாய்கிறது! மணிஜாடியிலிருந்து காற்றை வெளியேற்றினால் மின்மணியின் ஓசை தேய்வதைப் பள்ளியிலேயே படித்தோம். ஓர் எழுத்துக்கு வரிந்துகட்டும் ரசிகர், இதை மட்டும் மன்னிப்பானேன்? 1968-இல் வெளிவந்த ‘2001’ திரைப்படத்தில் வெற்றிடம் மௌனமாகவே இருக்கிறது. விண்வெளி வீரரின் மூச்சொலி மட்டும் கேட்கிறது.