குனிந்த தலை குற்றத்தை ஒப்புக்கொண்டதாகுமா?

சென்ற மாதம் என் இல்லத்திற்கு வந்திருந்த நெடுநாளைய நண்பர் ஒருவர், தம் வீட்டில் மகளுடைய சங்கிலி ஒன்று காணாமற்போன செய்தியைச் சொல்லிவிட்டு, பாத்திரம் துலக்க வரும் பெண்ணை அழைத்து விசாரித்ததாகவும், அவள் தரையைப் பார்த்தே பதில் சொன்னதாகவும், அந்தக் கணத்திலேயே தமக்கு எல்லாம் விளங்கிவிட்டதாகவும், அன்றே அவளை வேலையைவிட்டு நிறுத்திவிட்டதாகவும் கூறினார். சங்கிலி கிடைத்ததா என்று கேட்டேன். இல்லை என்றார். "பொய் சொல்கிறவர்கள் கண்ணைப் பார்த்துப் பேசமாட்டார்கள், சார். வக்கீலுக்குத் தெரியாததா?" என்றார்.

கீழ்க்கோர்ட்டுகளில் நாற்பது ஆண்டுகள் வக்கீலாக இருந்த எனக்குத் தெரிந்ததெல்லாம் இதற்கு நேர்விரோதமானது. இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு என் பொறுமை தேய்ந்துவிட்டது. கட்சிக்காரர்கள் சொல்கிறார்கள், போலீஸ்காரர் சொல்கிறார், பெண் பார்த்துவிட்டு வந்தவர்கள் சொல்கிறார்கள், படித்தவர், படியாதவர் என்ற பேதமே இதில் இல்லை. நம் நாட்டுக்கு மட்டும் உரிய பிரமையும் அன்று இது. பொய்யனை எதைக்கொண்டு கண்டுகொள்வீர்கள் என்று 75 தேசத்து மக்களை ஆராய்ச்சியாளர்கள் கேட்டபோது, எல்லாவற்றிலும் மிகுதியாகக் கிடைத்த விடை, அவன் பார்வையை விலக்கிக்கொள்வான் என்பதே. 2006-இல் வெளிவந்த முடிவு அது. ஆனால் 2003-இலேயே பெல்லா டிபாலோ என்ற உளவியல் அறிஞரும் அவருடைய சகாக்களும், அதுவரை நடந்த பரிசோதனைகளைத் திரட்டி, பொய்யின் அடையாளங்கள் என்று கருதப்பட்ட 158-ஐயும் ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தபோது, கண்ணை நோக்கிப் பேசுவதற்கும் உண்மை பேசுவதற்கும் சொல்லத்தக்க சம்பந்தம் எதுவும் காணப்படவில்லை. அதே அம்மையார் சார்லஸ் பாண்ட் என்பவருடன் சேர்ந்து 2006-இல் வெளியிட்ட தொகுப்பில், இருபதினாயிரத்துக்கும் மேற்பட்டோரின் தீர்ப்புகளைக் கூட்டிப் பார்த்ததில், மெய்யையும் பொய்யையும் மனிதர் சரியாகப் பிரித்தறிந்தது நூற்றுக்கு 54 தடவைதான். காசைச் சுண்டிப் பார்த்தாலும் 50 கிடைக்கும்.

பொய்யைத் தொழிலாகக் கொண்டவன் நம்முடைய இந்த நம்பிக்கையை நம்மைவிட நன்றாக அறிவான் என்பதை ஏன் ஒருவரும் யோசிப்பதில்லை? அவன் நம் கண்ணைப் பார்த்தே பேசுவான்; அதற்கு அவனுக்கு எந்தச் சிரமமும் இல்லை. தலை குனிகிறவர் யார்? பெரியவர் முன்னிலையில் கண்ணைத் தாழ்த்துவதே மரியாதை என்று குழந்தைப் பருவம் முதல் போதிக்கப்பட்ட பெண். நிமிர்ந்து பார்த்தால் திமிர் பிடித்தவன் என்று பேர் வாங்கிய கூலிக்காரன். தன் பாட்டன் காலத்தில் தெருவில் செருப்பணிந்து நடக்கவும் அனுமதிக்கப்படாத குலத்தில் பிறந்தவன். தலைமுறை தலைமுறையாக இவர்களைக் குனியப் பழக்கிவிட்டு, குனிந்த அந்தத் தலையையே சாட்சியமாக எடுத்துக்கொண்டு திருட்டுப் பட்டம் கட்டுகிறோமே, இது எந்த நியாயத்தில் சேரும்?

நான் நடத்திய வழக்கு ஒன்றைச் சொல்லுகிறேன். கறவை மாடு வாங்குவதற்காகக் கடன்பட்ட ஒரு விதவை, பால் விற்ற பணத்திலிருந்து சிறுகச் சிறுக அசலையும் வட்டியையும் அடைத்துவிட்டாள். ஒரு தடவையும் ரசீது வாங்கவில்லை. கடன் வாங்கிய அன்று கையெழுத்திட்டுக் கொடுத்த, எதுவும் நிரப்பப்படாத புரோநோட்டைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு அவள்மீது வழக்கு வந்தது. கடன் கொடுத்தவர் ஊரில் கோயில் காரியங்களையெல்லாம் முன்நின்று நடத்துபவர். வெளுத்த வேட்டி, நெற்றி நிறைய விபூதி. சாட்சிக் கூண்டில் ஏறி நீதிபதியை நேராகப் பார்த்துத் தடுமாற்றமின்றிப் பேசினார். இவளோ கூண்டின் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல், கேட்ட கேள்விக்குப் பாதி வார்த்தையில் பதில் சொன்னாள். வாதியின் நடத்தை நம்பிக்கையூட்டுவதாகவும், பிரதிவாதி கோர்ட்டை ஏறிட்டுப் பார்க்கவும் இயலாதவளாக இருந்ததாகவும் எழுதித் தீர்ப்பும் அவருக்கே அளிக்கப்பட்டது.

அதற்கு மேல்தான் அவள் என்னிடம் வந்தாள். நோட்டின் நகலைப் படித்துக் காட்டி, சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் யாரென்று கேட்டேன். "எங்க பெரியண்ணன்தான் சாமி. அவரும் போய்ச் சேர்ந்துட்டாரே" என்றாள். எப்போது என்று கேட்டேன். முன்பு யாரும் அவளை அதைக் கேட்டதில்லை. இறப்புப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தால், நோட்டில் கண்ட தேதிக்கு ஐந்து மாதங்களுக்கு முன்பே அவர் காலமாகியிருந்தார்! கடனின் மூன்றாண்டுக் காலவரையறை கடந்துவிடாதபடி பின்னொரு தேதியை நிரப்பிக்கொண்ட வாதி, வெற்று நோட்டில் அன்றே கையொப்பமிட்டிருந்த சாட்சி இடையில் இறந்துபோனதை மறந்துவிட்டார். மேல்முறையீட்டில் அந்தப் பதிவேட்டின் நகலைக் கூடுதல் சாட்சியமாகத் தாக்கல் செய்தோம்; வழக்குத் தள்ளுபடியாயிற்று. அப்போதும் அவள் தலை நிமிரவில்லை.

சிலப்பதிகாரத்தில் வழக்குரை காதையை மேடைதோறும் முழங்குகிறவர்கள், அதற்கு முந்திய கொலைக்களக் காதையை நின்று படித்தால் நலம். கோவலனைக் கண்ட காவலர், லட்சணங்களை நோக்கினால் இவன் கொல்லப்படத் தக்கவன் அல்லன் என்று தயங்கவே செய்தார்கள். அவர்களுடைய ஊகம் சரியானதுதான். ஆயினும் என்ன பயன்? மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம் என்று களவு நூலின் எட்டு உபாயங்களையும் விரித்துரைத்த பொற்கொல்லனின் சாமர்த்தியத்துக்கு முன், முகத்தைக் கண்டு பிறந்த அந்த நல்லெண்ணம் ஒரு நாழிகையும் நிற்கவில்லை; குடித்திருந்த ஒருவன் வாளை வீசிவிட்டான். உண்மையை வெளிப்படுத்தியது உடைத்த சிலம்பிலிருந்து தெறித்த மாணிக்கம். பாண்டிமாதேவியின் சிலம்பில் இருந்தது முத்து. இதை ஒரு நாள் முன்னதாகச் சோதித்துப் பார்த்திருந்தால் மதுரை எரிந்திராது.

சாட்சியின் நடத்தையைக் குறித்துக்கொள்ளும்படி 2024 வரை நடைமுறையில் இருந்த 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 280-ஆம் பிரிவே கூறவில்லையா என்று இளைய வக்கீல்கள் கேட்டதுண்டு. கூறியது, முக்கியமென்று கருதினால் குறித்துக்கொள்ளச் சொன்னதேயன்றி, அதைக்கொண்டு தீர்ப்பு எழுதச் சொல்லவில்லை.

மற்ற நம்பிக்கைகளுக்கு இத்தனை விஸ்தாரம் தேவையில்லை. கை நடுங்கினால் குற்றவாளி என்பது, அரிசியை மென்று துப்பச் செய்து உதிரம் கண்டால் திருடன் என்று தீர்மானித்த பழைய திவ்வியப் பரீட்சையின் மிச்சம். பொய் கண்டறியும் இயந்திரமும் அதன் வழித்தோன்றலே. அது அளப்பது மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் வியர்வையையும்தான், பொய்யை அன்று. ஒருவரை வற்புறுத்தி அந்தச் சோதனைக்கு உட்படுத்தக் கூடாதென்று 2010-இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஒன்றில் பொய் சொன்னவன் எல்லாவற்றிலும் பொய் சொல்லுவான் என்பது நம் நாட்டில் சட்ட விதி அன்று என்பதும் 1957-இலேயே நிசார் அலி வழக்கில் தெளிவுபடுத்தப்பட்டது. மண்டையோட்டையும் தாடையையும் பார்த்துக் குற்றவாளியை அறியலாம் என்று 1876-இல் லொம்புரோசோ எழுதியது பேசவும் தகுதியற்றது. அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பவர்கள் வள்ளுவரின் குறிப்பறிதலைத் துணைக்கு அழைப்பார்கள். தெரிந்து தெளிதல் அதிகாரத்தில் மனிதரின் பெருமைக்கும் சிறுமைக்கும் அவரவர் செயலையே உரைகல்லாக வைத்தவரும் அவர்தான்.

ஆகையால் முகத்தை விட்டுவிட்டுக் காகிதத்தைப் பாருங்கள். உடன்பிறந்தவரே ஆனாலும் கொடுத்ததற்கும் வாங்கியதற்கும் சீட்டு எழுதுங்கள். நிலம் வாங்குகிறவர், விற்பவரின் சிரித்த முகத்தில் மயங்காமல் வில்லங்கச் சான்றையும் தாய்ப்பத்திரத்தையும் கேளுங்கள். நிரப்பாத நோட்டில் எவர் கேட்டாலும் கையெழுத்தோ கைரேகையோ வைக்காதீர்கள். முத்திரையிட்ட வெற்றுத் தாளில் ஒப்பமிட்டுக் கொடுத்தால், அதைப் பூர்த்தி செய்துகொள்ளும் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுத்ததாகவே 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 20-ஆம் பிரிவில் முதல் நோக்கில் கொள்ளுகிறது. இதைப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று இருபது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், இனியும் கேட்பேன்.

நண்பரிடம் அன்று நான் சொன்னது இதுதான்: அலமாரியையும் தலையணை உறைகளையும் இன்னொரு முறை உதறிப் பாருங்கள், கிடைக்காவிட்டால் போலீஸில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள், எவர் பெயரையும் ஊகத்தால் சேர்க்காதீர்கள், அந்தப் பெண்ணுக்குத் தரவேண்டிய பதினெட்டு நாள் சம்பளத்தை இன்றே அவள் வீட்டுக்குப் போய்க் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லுங்கள்.