வெளியே போகாத கேமரா

நம்பிக்கை: "இது கிளவுடுக்கே போகாது சார். எல்லாத்தையும் உள்ளே இருக்கிற சிப்பே பார்த்துக்கும்."

உண்மை: கடைக்காரர் சொல்வதில் பாதி சரி. ஆளா, நாயா என்று பிரித்தறிவது, முகத்தை அடையாளம் காண்பது எல்லாம் கேமராவுக்குள்ளோ, வீட்டிலிருக்கும் பெட்டிக்குள்ளோ நடந்தால் அதுதான் எட்ஜ் கம்ப்யூட்டிங். வெளியே போகும் தரவு குறைகிறது, நல்ல விஷயம்தான். ஆனால் குறைவது வேறு, நின்றுபோவது வேறு. யூஃபி என்ற பிராண்டின் கேமராக்களும் பதிவுகள் வீட்டிலேயே இருக்கும் என்று சொல்லித்தான் விற்கப்பட்டன. 2022 நவம்பரில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் தோண்டிப் பார்த்தபோது, வாசலில் வந்து நின்றவரின் முகப்படம் கிளவுடில் கிடந்தது. செல்போனுக்கு வரும் நோட்டிஃபிகேஷனோடு குட்டிப் படமும் வேண்டும் என்றால், அது ஏதாவது ஒரு சர்வரில் ஏறித்தானே இறங்க வேண்டும்? பெட்டியின் மேல் அட்டையில் அதை யாரும் அச்சடிக்கவில்லை. பிரவுசர் வழியே பார்க்கும் நேரலைக்கு முழு மறையாக்கம் இருக்கவில்லை என்பதையும் நிறுவனம் பின்னர் ஒப்புக்கொண்டது.

நம்பிக்கை: "என் வீட்டு கேமராவை எவன் குறிவைக்கப் போறான்?"

உண்மை: எவனும் குறிவைப்பதில்லை. 2016-ல் மிராய் என்ற தீநிரல் இணையம் முழுக்க வீடு வீடாகக் கதவைத் தட்டியது. கையில் அறுபது சொச்சம் யூசர்நேம், பாஸ்வேர்டு ஜோடிகள். 'அட்மின்', '12345' ரகம். திறந்துகொண்ட கேமரா, டிவிஆர், ரவுட்டர்களை எல்லாம் படையாகத் திரட்டி அக்டோபர் 21 அன்று இணையதளப் பெயர்களுக்கு முகவரி தேடித் தரும் டின் நிறுவனத்தின் சர்வர்கள்மேல் ஏவியதில், ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பலருக்குத் திறக்கவில்லை.

நம்பிக்கை: "ஆஃப் பண்ணி ஆன் பண்ணா வைரஸ் போயிடும்."

உண்மை: மிராய் போய்விடும், நிஜமாகவே. அது தற்காலிக நினைவகத்தில் மட்டும் தங்குவது. பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டால் சில நிமிடங்களில் திரும்பி வந்துவிடும், அவ்வளவுதான். டேட்டா சென்டருக்குச் சம்பளம் வாங்கும் காவல் உண்டு. கம்ப்யூட்டிங் வேலை வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் காவல் வேலையும் கூடவே நம் தலையில் ஏறிவிட்டது. டிவிஆரோ இன்வெர்ட்டர் பக்கத்தில் தூசி படிந்து கிடக்கிறது, வாங்கிய நாளிலிருந்து ஒரு அப்டேட்கூடப் பார்க்காமல்.

எல்லாப் பெட்டிக்கும் ஒரே எளிய பாஸ்வேர்டு போட்டு விற்பதற்கு பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல் தடை போட்டது. எங்கள் வீட்டில் கேமரா மாட்டியவர், மறந்துவிடக் கூடாதென்று டிவிஆர் மூடியிலேயே மார்க்கரால் பாஸ்வேர்டை எழுதிவிட்டுப் போனார். எதிர்வீட்டிலும் அவர்தான் மாட்டினார். அங்கேயும் அதே ஆறு இலக்கம்.