தறி வேறு, பாவு வேறு
வீட்டுக் கணினி திறவாதபோது செய்ய வேண்டியவை

தறிக்கட்டை முறிந்துவிட்டது என்பதற்காக எந்த நெசவாளரும் பாவை அறுத்தெறிவதில்லை. பாவைப் பத்திரமாகச் சுருட்டி வைத்துவிட்டுத் தச்சரை அழைக்கின்றார். வீட்டுக் கணினிக்கும் இதுவே விதி. விண்டோஸ், லினக்ஸ் முதலிய இயக்க முறைமைகள் தறியை ஒத்தவை. நாம் எழுதி வைத்த கணக்கும் கடிதமும் படமும் பாவை ஒத்தவை. இயக்க முறைமையை மாற்றும் முயற்சி தவறிப்போகும்போது இவ்வேறுபாட்டை மறப்பதனாலேயே பெருநஷ்டம் விளைகின்றது.

அண்மையில் குடியாத்தம் வட்டாரத்தில் ஒரு நெசவாளர் சங்கத்தைப் பார்வையிடச் சென்றிருந்தோம். பதினெட்டுத் தறிக் குடும்பங்களின் நூல் வழங்கல், கூலிக் கணக்கு ஆகியவற்றை அங்கத்தினர் ஒருவர் தம் வீட்டுக் கணினியில் எழுதி வந்தார். காகிதப் பேரேடு சில மாதங்களுக்கு முன்பே கைவிடப்பட்டிருந்தது. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் அவருடைய மகன், விண்டோஸ் 10க்கு இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14 உடன் முடிந்தன என்று கேள்வியுற்று, விண்டோஸ் 11ஐ ஏற்ற முயன்றார். நோக்கம் நல்லதே. ஆயினும் இரவு முடிவதற்குள் பழையதும் திறக்கவில்லை, புதியதும் ஏறவில்லை. சனிக்கிழமை கூலி வழங்க வேண்டும். நாம் சென்றது வியாழக்கிழமை.

"வட்டிலுள்ள பகுதிகளை எல்லாம் அழித்தால்தான் ஏறும் என்று கடையில் சொல்கிறார்கள். அழித்துவிடட்டுமா, சார்?" என்று அந்த இளைஞர் வினவினார். "சற்றுப் பொறு, தம்பி" என்றோம். அன்று செய்தவற்றை முறைப்படுத்திக் கீழே தருகின்றோம்.

1. கையை நிறுத்துக

திரையில் 'ஃபார்மேட்', 'டெலீட்' என்னும் சொற்கள் தோன்றினால் பொத்தானை அழுத்தலாகாது. கணினி திறவாமை ஒன்றே கோப்புகள் அழிந்தமைக்குச் சான்றன்று. கோப்புகள் அழிந்திருப்பினும், அவ்வட்டின்மீது புதிதாக எதையும் எழுதாதவரை மீட்க இயலும் வாய்ப்பு மிகுதி. எழுத எழுத அவ்வாய்ப்புக் குறைகின்றது.

2. நோயை அறிக

விசிறி சுழன்றும் திரையில் ஓர் எழுத்தும் தோன்றாவிடில், குறை பெரும்பாலும் திரை, இணைப்புக் கம்பி, நினைவக அட்டை ஆகியவற்றில் இருக்கும். தயாரிப்பாளரின் சின்னம் தோன்றி, பின்னர்த் தொடங்குதற்குரிய வட்டு இல்லை என ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தால், தொடக்க அமைப்பையும் வட்டின் இணைப்பையும் பார்த்தல் வேண்டும். விண்டோஸ் சின்னம் வரை வந்து மீண்டும் மீண்டும் அணைந்து எழுந்தால், முறைமை அரைகுறையாக நிற்கின்றது எனக் கொள்ளலாம்.

நாம் கண்டது இரண்டாம் வகை. விண்டோஸ் 11க்கு 'செக்யூர் பூட்' வசதி வேண்டும் என்று படித்த இளைஞர், தொடக்க அமைப்பை 'லெகசி' முறையிலிருந்து 'யூஇஎஃப்ஐ' முறைக்கு மாற்றியிருந்தார். வட்டோ 'எம்பிஆர்' என்னும் பழைய பகுப்பு முறையினது. யூஇஎஃப்ஐ முறையில் விண்டோஸை நிறுவ 'ஜிபிடி' என்னும் புதிய பகுப்பு முறை தேவை. ஆதலின் பழைய விண்டோஸ் தொடங்கவில்லை; புதியதும் நிறுவ மறுத்தது. பகுதிகளை அழித்திருந்தால் தடை நீங்கியிருக்கும். பதினெட்டுக் குடும்பங்களின் கணக்கும் உடன் போயிருக்கும்.

3. முதலிற் படி எடுக்க

நம் பகுதித் தோல் ஷாப்புகளில், வந்திறங்கும் பச்சைத்தோல் கெடாதிருக்க உப்பிட்டு வைப்பர்; சுண்ணாம்புக் குழி பிறகுதான். அதுபோலப் பழுது பார்ப்பதற்கு முன் படி எடுத்தல் இன்றியமையாதது. வேறொரு கணினியின் துணையால், 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட யூஎஸ்பி குச்சி ஒன்றில் உபுண்டு லினக்ஸை ஏற்றிக்கொள்க. பழுதுற்ற கணினியை அக்குச்சியிலிருந்து தொடங்கி, 'நிறுவுக' என்பதை விடுத்து, 'முயன்று பார்க்க' என்னும் பொருளுடைய தேர்வைக் கொள்க. அப்போது உள்வட்டில் எதுவும் நிறுவப்படுவதில்லை. உள்வட்டைத் திறந்து, வேண்டிய கோப்புகளை மற்றொரு வெளிவட்டில் படியெடுத்து, சிலவற்றைத் திறந்து சரிபார்க்க.

வட்டு 'பிட்லாக்கர்' முறையில் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி தேவை. அது பெரும்பாலும் உரியவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் காணப்படும்.

4. பிறகு செப்பனிடுக

படி எடுத்தபின் தொடக்க அமைப்பை மீண்டும் லெகசி முறைக்கு மாற்றினோம். பழைய விண்டோஸ் முன்போலத் திறந்தது. எந்த அமைப்பை மாற்றினோமோ அதையே முதலில் பழைய நிலைக்குக் கொணர்தல் நன்று. ஆதலின் மாற்றுமுன் ஒரு தாளில் குறித்து வைத்தல் வேண்டும்.

இதனாலும் திறவாவிடில், விண்டோஸ் நிறுவற் குச்சியிலுள்ள 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' என்பதை முயலலாம். புதிய விண்டோஸ் ஏறியும் கோப்புகளைக் காணாவிடில், 'விண்டோஸ்.ஓல்டு' என்னும் உறையைத் தேடுக. மேம்படுத்தியபின் பழைய பதிப்புக்குத் திரும்பப் பொதுவாக 10 நாள் தவணையே உண்டு.

5. எழுத்து மாறினால் அஞ்சற்க

லினக்ஸில் கூலிக் கணக்கைத் திறந்தபோது எண்கள் சரியாக இருந்தன. பெயர்களோ பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகக் கிடந்தன. வீட்டார் கலங்கினர். கணக்கு கெடவில்லை. அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிடப்பட்டது. லினக்ஸில் அவ்வெழுத்துரு இல்லை. அது விண்டோஸ் உறைக்குள் 'ஃபாண்ட்ஸ்' என்னும் இடத்தில் இருந்தது. அதையும் படியெடுத்துச் சேர்த்தவுடன் பெயர்கள் தமிழாயின. தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டிலேயே யூனிகோடு முறையை ஏற்றுள்ளது. பழைய எழுத்துருவில் கணக்கு வைத்திருப்போர் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுதல் நலம்.

சனிக்கிழமை கூலி வழங்கப்பெற்றது. விண்டோஸ் 11க்கு வேண்டிய டிபிஎம் 2.0 வசதி அக்கணினியில் இல்லை. ஆகவே இரு படிகள் எடுத்தபின் அவ்விளைஞர் உபுண்டுவையே நிறுவிக்கொண்டார். இம்முறை அவர் கையில் நடுக்கம் இல்லை.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள் 63,000ஐக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு ஒன்றிய அரசு 2022 ஜூனில் ஒப்புதல் அளித்தது. அத்தகைய அமைப்புகளில் கணக்கைக் காக்கத் தனி ஏற்பாடு உண்டு. அங்கத்தினர் வீட்டுக் கணினிக்கு அவ்வேற்பாட்டை நாமே செய்துகொள்ள வேண்டும். கூலி நாள்தோறும் ஒரு படி கணினிக்கு வெளியே இருக்கட்டும். அது வேறொரு அங்கத்தினரின் வீட்டில் இருப்பின் இன்னும் நன்று. பிறர் உழைப்பின் கணக்கு நம் கையில் இருக்கும்போது, அதை ஒரே இடத்தில் வைத்திருத்தல் பொறுப்பாகாது.

படிப்பு வட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

(அ) நம் சங்கத்தின் எக்கணக்குகள் ஒரே கணினியில் மட்டும் உள்ளன?
(ஆ) கடைசியாகப் படி எடுத்த நாள் எது? அப்படியைத் திறந்து பார்த்தோமா?
(இ) நாளைக் காலை அக்கணினி திறவாவிடில், கூலியை எதைக் கொண்டு கணக்கிடுவோம்?