முதலில் எங்கே பதிவானது? இளம் நிருபர்களுக்குச் சில அறிவுரைகள்

இதழியல் படிக்க வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

கைபேசியில் கிடைக்கும் தகவல் பெரும்பாலும் யாரோ ஒருவர் எழுதியதைப் பார்த்து இன்னொருவர் எழுதியது. ஓர் எண்ணோ தேதியோ முதன்முதலில் எங்கே பதிவானது என்று தேடிப் போகிறவர்தான் நிருபர். சென்னையில் அதற்கு வசதி இருக்கிறது.

1. எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் தொடங்குங்கள். 1896-ல் திறந்த நூலகம். 1954-ம் ஆண்டுச் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி இங்கே வந்து சேர வேண்டும். 1956-ல் பத்திரிகைகளையும் அதில் சேர்த்தார்கள். கொல்கத்தா, மும்பை, டெல்லியை விட்டால் இந்தத் தகுதி இதற்குத்தான்.

2. பழைய நாளிதழில் ஒரு நாளை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து வராதீர்கள். 1964 டிசம்பர் 22 இரவு வீசிய தனுஷ்கோடிப் புயலில், பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோனது. அதில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதற்கு இன்று ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். டிசம்பர் 23 முதல் ஜனவரி முடிய ஒவ்வொரு நாளாகப் புரட்டுங்கள். ரயில்வே சொன்னது, மாவட்ட நிர்வாகம் சொன்னது, ஊர்க்காரர் சொன்னது என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். டிக்கெட் எடுத்தவர் கணக்கும் வண்டியில் ஏறியவர் கணக்கும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அந்த இடைவெளியை எழுதினாலே நல்ல கட்டுரை கிடைக்கும்.

3. அரசாணை கையில் கிடைத்தால் எல்லோரும் கடைசிப் பத்திக்குத் தாவுவார்கள். நீங்கள் மேல்பகுதியைப் பாருங்கள். முந்தைய ஆணைகள், துறைத் தலைவரின் கடிதங்கள் எல்லாம் எண்ணும் நாளுமாக அங்கே வரிசையாக இருக்கும். திட்டம் யார் மேஜையில் தொடங்கியது, எத்தனை மாதம் கிடந்தது என்பது அந்த நான்கைந்து வரிகளில் தெரிந்துவிடும்.

4. எழும்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே தமிழ்நாடு ஆவணக் காப்பகம். கல்லூரிக் கடிதமும் அடையாள அட்டையும் இல்லாமல் போகாதீர்கள். வெள்ளைக்காரர் காலத்தில் தமிழ், தெலுங்குப் பத்திரிகைகள் என்ன எழுதுகின்றன என்று அரசு ஆங்கிலத்தில் சுருக்கி வைத்த அறிக்கைகள் அங்கே உண்டு. பிரதியே மிஞ்சாத சில பத்திரிகைகளுக்கு அந்தச் சுருக்கம்தான் சாட்சி. ஆனால் அரசை உறுத்தியவற்றைத்தான் அதிகம் பொறுக்கியிருப்பார்கள். அந்த எச்சரிக்கையோடு படியுங்கள்.

5. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் ஒரு தனிமனிதர், ரோஜா முத்தையா செட்டியார், புத்தகங்களோடு கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று எதையும் விடாமல் சேர்த்தார். அந்தச் சேகரிப்பிலிருந்து 1994-ல் உருவானது இந்த நூலகம். பண்பாடு, சினிமா பற்றி எழுத ஆசைப்படுகிறவர்கள் இங்கே நாள் கணக்கில் உட்கார வேண்டும்.

6. கிராமத்துச் செய்திக்குப் போகும் முன் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேட்டைப் பாருங்கள். பள்ளி, குடிநீர், ஆஸ்பத்திரி எல்லாம் ஊர்வாரியாக இருக்கும். 2011-ம் ஆண்டு நிலவரம் என்பதைச் செய்தியில் மறைக்காதீர்கள். அதேபோல், மானியக் கோரிக்கையின்போது பேரவையில் துறைகள் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பையும் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். முதலாவதில் துறை தன்னைப் பற்றிச் சொல்வது இருக்கும். இரண்டாவதில் செலவைச் சரிபார்த்தவர் கண்டது இருக்கும்.

7. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுவது இதற்கெல்லாம் பிறகு. பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. ஏற்கெனவே அச்சில் இருப்பதைக் கேட்டு அந்த ஒரு மாதத்தைத் தொலைக்காதீர்கள். ஆணை எண், நாள் குறிப்பிட்டுக் கேளுங்கள், மழுப்ப இடமிருக்காது.

8. நூலகரிடம் புத்தகத்தின் பெயரை மட்டும் சொல்லாமல் எதற்காகத் தேடுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பட்டியலில் ஏறாத கட்டுகள் எந்த அலமாரியில் இருக்கின்றன என்பது அவருக்குத்தான் தெரியும்.

9. படம் எடுக்க அனுமதி தந்தால், முதல் படம் பத்திரிகையின் பெயரும் தேதியும் தெரிகிற முகப்பாக இருக்கட்டும். அடுத்தது முழுப் பக்கம். செய்தித் துணுக்கு அதற்குப் பிறகுதான். ஆறு மாதம் கழித்து உதவி ஆசிரியர் ஆதாரம் கேட்கும்போது அந்த முதல் படத்தைத்தான் தேடுவீர்கள்.